பெய்க்லி வெடிப்பது ஈஸ்ட் குறைவாலா? பாட்டியின் குறிப்பில் எழுதாமல் விட்டவை

உங்கள் கேள்வி மேலே பார்த்தால் ஈஸ்ட்டைப் பற்றியது. ஒவ்வொரு முறையும் பெய்க்லி ஓவனில் நீளவாக்கில் வெடித்து, பூரணம் வெளியே வழிகிறது. ஈஸ்ட் போதவில்லையா, இன்னும் ஒரு பாக்கெட் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, வெட்டிப் பார்த்தால் மாவுக்கும் பூரணத்துக்கும் நடுவே பொந்து இருக்கிறது, மேல் தோலில் மாமியார் வீட்டில் பார்த்த பளிங்குக் கோடுகள் வருவதே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் நீங்கள் உண்மையில் கேட்பது இது: கணவரின் பாட்டி கைப்பட எழுதிய குறிப்பை வரிக்கு வரி செய்தும், பாட்டியின் பெய்க்லி ஏன் வரவில்லை? ஈஸ்ட் கேள்விக்கு முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டாதீர்கள். இப்போது போடுவதே தேவையைப் போல இரண்டு மடங்கு. அதற்கான கணக்கைக் கீழே தருகிறேன்.

பெய்க்லி தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு வார்த்தை. ஹங்கேரியில் கிறிஸ்துமஸ் என்றால் வீட்டுக்கு வீடு செய்கிற இனிப்பு இது. கொழுப்பு நிறைய சேர்த்த ஈஸ்ட் மாவை மெல்லிசாகத் தேய்த்து, அதன் மேல் பூரணத்தைப் பரப்பி, பாயைப் போலச் சுருட்டிச் சுடுவார்கள். ஒன்றில் அரைத்த கசகசா, இன்னொன்றில் அரைத்த வால்நட். இரண்டும் ஜோடியாகத்தான் தட்டில் வரும். கசகசா செல்வம் சேர்க்கும், வால்நட் கெடுதல் அண்டாமல் காக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். போஷோன் என்று ஹங்கேரியர்கள் அழைக்கும் பிராட்டிஸ்லாவா நகரத்தில் இதே மாவையும் இதே இரண்டு பூரணங்களையும் வைத்து வளைத்துச் செய்யும் சின்னப் பலகாரம் ஒன்று உண்டு. அது பெய்க்லிக்கு நெருங்கிய சொந்தம். அதன் வளைவைப் பார்த்தே உள்ளே இருப்பது கசகசாவா வால்நட்டா என்று சொல்லிவிடலாம்.

நீங்கள் பகிர்ந்த குறிப்பை இங்கே திரும்ப எழுதிக்கொள்கிறேன். 1 கிலோ மாவு, 25 டெகா பன்றிக் கொழுப்பு, 25 டெகா வெண்ணெய், 10 டெகா பொடித்த சர்க்கரை, 3 டெகா ஈஸ்ட், மூன்று மஞ்சள் கரு, உப்பு, "மாவு எவ்வளவு பால் எடுக்குமோ அவ்வளவு". பூரணத்துக்குக் கசகசா, வால்நட், சர்க்கரை, எலுமிச்சைத் தோல், உலர் திராட்சை என்று பெயர்கள் மட்டும் இருக்கின்றன, அளவு இல்லை. கடைசி வரி: "முட்டை தடவி, மிதமான சூட்டில் சுடவும்." டெகா என்பது 10 கிராம், ஹங்கேரியில் இன்றும் கடையில் 20 டெகா சீஸ் கொடுங்கள் என்றுதான் கேட்பார்கள். அதனால் குறிப்பு புரியாததில் ஆச்சரியமில்லை. ஆனால் இது நல்ல குறிப்பு. புடாபெஸ்ட்டில் ஒரு பேக்கரியில் பல வருடங்கள் மாவு மேசையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த விகிதத்தில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. டிசம்பரில் நாங்கள் பயன்படுத்திய கணக்கும் ஏறக்குறைய இதுதான்: மாவின் எடையில் பாதி கொழுப்பு, நூற்றுக்கு மூன்று பங்கு ஈஸ்ட். குறை தாளில் இல்லை. பாட்டி தன் வீட்டில் இயல்பாகச் செய்ததில் பாதியை எழுதத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறார். அந்தப் பாதியைத்தான் நீங்கள் மீட்க வேண்டும்.

முதலில் இந்த மாவு எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். பன்னுக்கும் ரொட்டிக்கும் ஈஸ்ட் போடுவது பஞ்சு மாதிரி உப்புவதற்காக. பெய்க்லியில் ஈஸ்ட்டின் வேலை வேறு. மாவைக் கொஞ்சம் தளர்த்தி, கடித்தால் உதிர்கிற பதத்துக்குக் கொண்டுவந்து, லேசான ஈஸ்ட் வாசனையைத் தந்தால் போதும். சுட்ட பெய்க்லியின் மாவுச் சுற்று பிஸ்கட்டுக்கும் ரொட்டிக்கும் நடுவில் நிற்க வேண்டும். மாவின் எடையில் பாதி கொழுப்பு இருக்கும்போது அது மாவுத் துகள்களைப் பூசிக்கொள்கிறது. மாவில் இருக்கும் குளூட்டன் என்கிற புரதம் நீளமாக இழுபட்டு வலை பின்ன முடியாது. ரொட்டி மாவு காற்றை ஊதினால் பலூனாக விரிந்து கொடுக்கும். இந்த மாவு விரிந்து கொடுக்காது, கிழியும். அதனால் உள்ளே காற்றும் ஆவியும் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வெடிப்பு. இதில் சந்தேகமே வேண்டாம்.

இப்போது ஈஸ்ட் கணக்கு. "3 டெகா என்பதை 3 பாக்கெட் என்று எடுத்துக்கொண்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டி சொன்னது கட்டியாக விற்கும் ஈரமான ஈஸ்ட், 30 கிராம். ஹங்கேரியில் எந்த மளிகைக் கடையிலும் குளிர்பெட்டியில் 5 டெகா கட்டியாக அது கிடைக்கும். தெற்கு ஹங்கேரியில், செகெட் நகரத்தில் இருக்கும் உங்களுக்கு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாக்கெட்டில் வருவது உலர்ந்த ஈஸ்ட், ஒன்று 7 கிராம். உலர்ந்த ஈஸ்ட் ஈரமானதில் மூன்றில் ஒரு பங்கு போட்டால் போதும். அதாவது 1 கிலோ மாவுக்கு 10 கிராம், ஒன்றரை பாக்கெட். நீங்கள் போட்ட 21 கிராம், ஈரமான ஈஸ்ட் 60 கிராமுக்குச் சமம். வெடிப்புக்கு இது ஒன்றே போதுமான காரணம். அடுத்த முறை பாதி அளவு செய்யுங்கள் என்பது என் யோசனை: 500 கிராம் மாவு, கொழுப்பும் வெண்ணெயும் தலா 125 கிராம், சர்க்கரை 50, ஈரமான ஈஸ்ட் 15 கிராம் அல்லது உலர்ந்தது 5 கிராம், இரண்டு மஞ்சள் கரு, உப்பு 5 கிராம்.

பால் விஷயத்தில் பாட்டி எண் எழுதாததற்குக் காரணம் உண்டு. மாவு ஈரம் இழுப்பது மூட்டைக்கு மூட்டை மாறும். இந்தப் பாதி அளவுக்கு 100 மில்லியில் தொடங்குங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஒவ்வொரு ஸ்பூனாக. 130 மில்லியைத் தாண்டினால் ஏதோ தவறு. மாவு கிண்ணத்தில் ஒட்டாமல், கையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல், களிமண் மாதிரி அல்லாது சற்று இளக்கமாகத் திரண்டு வந்தால் நிறுத்திவிடலாம். மாவு எது என்றால், பையில் பிஎல் 55 என்று போட்டிருக்கும் சாதாரண வெள்ளை மாவு. அந்த 55, மாவை எரித்தால் மிஞ்சும் தாதுச் சாம்பலின் அளவைக் குறிக்கிறது, அது 0.55 சதவீதம். ரொட்டிக்கான பிஎல் 80 இதற்கு வேண்டாம். நீங்கள் ஊருக்கு வரும்போது செய்வதானால் நம் மைதா நன்றாகவே ஒத்துவரும். ரொட்டிக்குக் குறையாகத் தெரிகிற அதன் மென்மை இங்கே உதவியாக இருக்கும்.

பிசையும் முறையைப் பற்றிக் குறிப்பில் ஒன்றுமே இல்லை. நீங்கள் பால், ஈஸ்ட், மாவு கலந்து பிசைந்த பிறகு கொழுப்பைச் சேர்த்து, மெஷினில் 15 நிமிடம் ஓட்டியதாகச் சொல்கிறீர்கள். அது பிரியோஷ் என்கிற பிரெஞ்சு வெண்ணெய் ரொட்டி செய்யும் முறை. இங்கே வரிசையைத் திருப்ப வேண்டும். முதலில் குளிர்ந்த கொழுப்பையும் வெண்ணெயையும் மாவோடு விரல் நுனியால் உதிர்த்து, ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹங்கேரியப் பாட்டிமார் எல்லாரும் பலகையில் கையால் இதைத்தான் செய்வார்கள். பிறகு சர்க்கரை, உப்பு, மஞ்சள் கரு, வெதுவெதுப்பான பாலில் கரைத்த ஈஸ்ட். ஒன்றாகத் திரளும் வரை பிசைந்தால் போதும். கையால் நாலைந்து நிமிடம். அதற்கு மேல் பிசைந்தால் கைச்சூட்டில் கொழுப்பு உருகி மாவு எண்ணெய் கக்க ஆரம்பிக்கும். அப்படி ஆன மாவைத் தேய்த்தால் விளிம்பு விளிம்பாகக் கிழியும்.

பன்றிக் கொழுப்பு உங்கள் வீட்டில் சேர்ப்பதில்லை, வெண்ணெய் மட்டும் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் எடைக்கு எடை மாற்றாதீர்கள். பன்றிக் கொழுப்பு முழுக்கக் கொழுப்பு. வெண்ணெயில் ஏறக்குறைய 82 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். 125 கிராம் கொழுப்புக்குப் பதில் 150 கிராம் வெண்ணெய் போட்டு, பாலில் 25 மில்லி குறையுங்கள். நெய்யும் முழுக் கொழுப்பு என்பதால் கணக்குப்படி அதுதான் நேர் மாற்று. உறைந்த நெய்யாக இருக்க வேண்டும். வாசனை மட்டும் பாட்டியின் பெய்க்லியிலிருந்து விலகிப் போகும். என் விருப்பம் என்றால் வெண்ணெய் மட்டும். உதிர்கிற தன்மை ஒரு பங்கு குறையும், ஆனால் வால்நட்டோடு வெண்ணெய் வாசனை அருமையாகச் சேரும்.

இனி நான் மிக முக்கியம் என்று நினைப்பது: குளிர். பாட்டி எந்த மாதத்தில், எந்த வீட்டில் இதைச் செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். டிசம்பர் மூன்றாம் வாரம். செகெட்டைச் சுற்றியுள்ள சமவெளியில் வெளியே பூஜ்யத்தை ஒட்டிய குளிர். சமையலறையில் மட்டும் அடுப்புச் சூடு. பக்கத்தில் கம்ரா என்கிற சரக்கறை. ஊறுகாய் ஜாடிகளும் தொத்திறைச்சியும் வைக்கிற, சூடு எட்டாத சிறு அறை. பிசைந்த மாவும் சுருட்டிய உருளையும் அந்த அறையில்தான் காத்திருக்கும். "குளிர்ந்த இடத்தில் வை" என்று எழுத அவருக்குத் தோன்றியிருக்காது, ஏனென்றால் அந்த வீட்டில் அடுப்பை விட்டு நகர்ந்தாலே குளிர்தான். நீங்கள் இருப்பதோ அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஓடும் அடுக்குமாடி வீடு. மாவை ரேடியேட்டர் பக்கத்தில் வைத்து இரண்டு மடங்காகும் வரை காத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பன்னுக்கு அது சரி. பெய்க்லிக்கு அந்த நிலையிலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. மாவு இரண்டு மடங்காகக் கூடாது. பிசைந்தவுடனே எடை போட்டுப் பிரித்து, உருண்டையாக்கி, மூடி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெளியே எடுக்கும்போது லேசாகப் பருத்திருந்தால் போதும். குளிர்ந்த மாவு கிழியாமல் தேயும், கொழுப்பு இடத்தை விட்டு நகராது, ஈஸ்ட் மந்தமாக இருக்கும். இதை ஒன்று மட்டும் மாற்றினால்கூட உங்கள் பெய்க்லி பாதி சரியாகிவிடும் என்பது என் நம்பிக்கை.

பூரணத்துக்கு வருவோம், ஏனென்றால் வெடிப்பில் மீதிப் பங்கு அதற்குத்தான். இங்கே ஒரே ஒரு விதியை நம்பலாம்: பூரணம் கெட்டியாக இருக்க வேண்டும், முழுக்க ஆறியிருக்க வேண்டும். கையில் எடுத்துப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி உருவம் நிற்கணும், விரலிடுக்கில் ஈரம் கசியக் கூடாது. தளர்வான பூரணத்தில் இருக்கும் தண்ணீர் ஓவனில் ஆவியாகிறது; ஆவிக்கு இடம் வேண்டும்; அது மாவைத் தள்ளிப் பொந்து உண்டாக்குகிறது, தள்ள முடியாத இடத்தில் கிழிக்கிறது. உங்களுக்குப் பொந்தும் வெடிப்பும் சேர்ந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கசகசாவில் இரண்டு ஆப்பிள் துருவிப் போட்டேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆப்பிள் போடுகிற வீடுகள் உண்டு, சுவையும் நன்றாக இருக்கும். ஆனால் துருவலைத் துணியில் இறுக்கிப் பிழிந்துவிட்டு, நான்கு உருளைக்கு ஒரு சின்ன ஆப்பிள் என்ற அளவில் நிறுத்த வேண்டும். முதல் முறை சரியாக வரும் வரை ஆப்பிளை விட்டுவிடுங்கள்.

குறிப்பில் இல்லாத அளவுகளை நான் கைப்பழக்கத்தில் இப்படித் தருவேன். இரண்டு கசகசா உருளைகளுக்கு: அரைத்த கசகசா 200 கிராம், சர்க்கரை 130, பால் 100 மில்லி, ரவை 30 கிராம், உலர் திராட்சை 40 கிராம், ஒரு எலுமிச்சையின் தோல் துருவல். பாலையும் சர்க்கரையையும் கொதிக்க வைத்து, ரவையைத் தூவி ஒரு நிமிடம் கிளறி, அடுப்பிலிருந்து இறக்கிக் கசகசாவைக் கொட்டிக் கிளறுங்கள். ரவை மிச்ச ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். இரண்டு வால்நட் உருளைகளுக்கு: அரைத்த வால்நட் 200, சர்க்கரை 120, பால் 80 மில்லி, ரவைக்குப் பதில் ரொட்டித்தூள் 30 கிராம், திராட்சை 40, எலுமிச்சைத் தோல், விருப்பமிருந்தால் ஒரு ஸ்பூன் ரம். பால் பங்கை நீங்களே கூட்டக் குறைக்கலாம், ஆனால் குறைப்பதன் பக்கமே சாயுங்கள்.

நம் ஊர் வெள்ளைக் கசகசா போடலாமா என்ற உங்கள் சந்தேகத்துக்கு: செடி ஒன்றுதான், விதையின் நிறம் வேறு. ஹங்கேரியில் மாக் என்று விற்பது நீலம் கலந்த சாம்பல் நிறம். அரைத்தால் கிட்டத்தட்டக் கறுப்பு, வாசனையில் கொஞ்சம் மண்வாடையும் லேசான கசப்பும் இருக்கும். நம் குருமாவில் ஒரு ஸ்பூன் அரைத்து விடுகிற வெள்ளைக் கசகசா சாதுவானது, பால் போன்ற சுவை. வேலை நடக்கும், ஆனால் வெட்டினால் தெரிகிற கறுப்பு வெள்ளைச் சுருள் இருக்காது, சுவையும் ஹங்கேரியக் கணவருக்குப் பழகியதாக இருக்காது. செகெட்டில் நீலக் கசகசா தாராளமாகக் கிடைக்கும்போது அதையே வாங்குங்கள். முழுதாக வாங்கி அன்றே அரைப்பது நல்லது. அரைத்த கசகசாவில் எண்ணெய் வெளியே வந்துவிடுவதால் சீக்கிரம் காறும். பாக்கெட்டில் அரைத்தது வாங்கினால் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பாருங்கள், நாக்கின் பின்புறம் கசந்தால் எவ்வளவு சர்க்கரை போட்டும் மறைக்க முடியாது. மாமியார் வீட்டில் மேசை விளிம்பில் மாட்டிக் கையால் சுற்றுகிற கசகசா அரைப்பான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அது விதையை நசுக்கி அரைக்கும். இல்லாவிட்டால் மிக்ஸி போதும்: பூரணத்துக்கான சர்க்கரையில் பாதியைச் சேர்த்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். ஊற வைத்து அரைக்க வேண்டாம். அது குருமாவுக்கான வழி, இங்கே விழுதாகிவிடும். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே கசகசா போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. ஊரிலிருந்து கொண்டு போகாதீர்கள். வால்நட் பெய்க்லி மட்டும் செய்யுங்கள், அதுவே நிறைவாக இருக்கும்.

எடைத் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். மேலே சொன்ன பாதி அளவில் சுமார் 940 கிராம் பிசைந்த மாவு வரும். நான்காகப் பிரித்தால் ஒன்று 235 கிராம். ஒவ்வொன்றுக்கும் அதே 235 கிராம் பூரணம். சமத்துக்குச் சமம் என்பது நல்ல பேக்கரிகளில் பெருமைக்குரிய விஷயம். பூரணம் இதைவிட மிகுந்தால் மாவுக்குத் தாங்கும் பலம் இருக்காது. குறைந்தால் மாவுச் சுருள் தடித்து, அது உப்பி வெடிக்கும். மாவை 30 சென்டிமீட்டர் நீளம், 20 அகலத்துக்குத் தேயுங்கள். தடிமன் மூன்றரை மில்லிமீட்டர் வரும். எல்லா இடத்திலும் ஒரே தடிமன் முக்கியம், மெலிந்த இடத்தில்தான் முதல் கிழிசல் விழும். பலகையில் மாவு அதிகம் தூவாதீர்கள். தூவிய மாவு சுற்றுக்கு நடுவில் தங்கினால் பூரணத்தோடு ஒட்டாது, அங்கேயும் பொந்து விழும். விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் விட்டுப் பூரணத்தைப் பரப்பி, கையால் லேசாக அழுத்திவிடுங்கள். இரண்டு குட்டை ஓரங்களை உள்பக்கமாக மடித்துக்கொண்டு, நீளப் பக்கத்திலிருந்து சுருட்டுங்கள். காற்று இல்லாமல் நெருக்கமாக, ஆனால் இழுக்காமல். இழுத்துச் சுருட்டியது ஓவனில் திரும்பத் தளரப் பார்க்கும். மடிப்பு முடிகிற தையல் கண்டிப்பாக அடியில், ட்ரேயை ஒட்டி இருக்கட்டும்.

பளிங்குக் கோடு வராததற்குக் காரணம் உறுதியாகத் தெரிகிறது: ஒரு முட்டையை அடித்து ஒரே முறை தடவி உடனே ஓவனில் வைத்துவிட்டீர்கள். "முட்டை தடவி" என்ற அந்த இரண்டு வார்த்தைக்குள் பாட்டி கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேர வேலையை அடக்கிவிட்டார். முதலில் மஞ்சள் கருவை மட்டும் கலக்கி, மெல்லிசாகத் தடவுங்கள். மூடாமல் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பால்கனி போதும், ஃபிரிட்ஜும் சரி. தொட்டால் விரலில் ஒட்டாத அளவு காய வேண்டும். முக்கால் மணி முதல் ஒரு மணி வரை ஆகும். பிறகு லேசாக அடித்த வெள்ளைக் கருவைத் தடவி, இந்த முறை சமையலறைச் சூட்டில் அரை மணி காய விடுங்கள். காய்ந்த இரண்டு படலங்கள் மேலே இருக்க, ஓவனில் மாவு மெல்ல விரியும்போது அந்தப் படலம் வலை வலையாக விரிசல் விடுகிறது. விரிசலுக்கு அடியில் வெளிர் மாவு, சுற்றிலும் பழுப்பு. அதுதான் நீங்கள் பார்த்த பளிங்கு. குளிரிலும் சூட்டிலும் மாறி மாறிக் காய வைப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு: அந்தக் கடைசி அரை மணிதான் உருளைக்குத் தேவையான முழு எழுச்சியும். தனியாக எழும்ப விட வேண்டியதில்லை.

வெள்ளைக் கரு காய்ந்ததும் குத்த வேண்டும். மரக்குச்சியால் மேலே நாலைந்து இடத்திலும், இரண்டு பக்கவாட்டிலும், அடித்தட்டு தட்டும் வரை குத்துங்கள். முள்கரண்டியால் மேல்தோலை மட்டும் கீறுவது போதாது. உள்சுற்றுகளில் அடைபட்ட ஆவி அங்கேயேதான் இருக்கும். முட்டை தடவுவதற்கு முன்பே குத்துபவர்கள் உண்டு. நான் கடைசியில் குத்தச் சொல்வது, கரு ஓடி ஓட்டையை அடைத்துவிடக் கூடாது என்பதற்காக.

மிதமான சூடு என்பதை, மேலும் கீழும் எரியும் ஓவனில் 180 டிகிரி, விசிறி ஓடினால் 160 முதல் 165 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓவன் முழுதாகச் சூடான பிறகு உள்ளே வைத்து, 30 முதல் 35 நிமிடம். சூடு குறைவாக இருந்தால் மாவு இறுகும் முன் கொழுப்பு உருகி உருளை தட்டையாகும், ஈஸ்ட்டும் நீண்ட நேரம் உயிரோடு இருந்து ஊதிக்கொண்டே இருக்கும். சூடு மிகுந்தால் தோல் முதலில் இறுகி, உள்ளே விரிவது வெளியேற வழியின்றிக் கிழிக்கும். உங்கள் ஓவன் உண்மையில் எத்தனை டிகிரி என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. பழைய கேஸ் ஓவன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் திருகில் இருக்கும் எண்ணை நம்பாமல், உள்ளே தொங்கவிடும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே நான் சொன்ன எல்லாவற்றையும் செய்தும் வெடித்தால், நான் முதலில் சந்தேகப்படுவது அந்த ஓவனைத்தான்.

இதுவரை சொன்னதில் ஈஸ்ட் அளவு, குளிர், கெட்டிப் பூரணம், சம எடை, குத்துவது ஆகிய ஐந்திலும் எனக்குச் சந்தேகம் இல்லை. சில விஷயங்களில் தேர்ந்த கைகளே ஒத்துப்போவதில்லை. மாவை ஒரு மணி நேரம் வைப்பதா, ஓர் இரவு முழுக்கக் குளிரில் வைப்பதா என்பது ஒன்று. இரவு வைத்தால் வாசனை கூடுகிறது என்று நான் நினைக்கிறேன். என்னோடு வேலை பார்த்த மூத்தவர்கள் சிலர் மாவு புளித்துவிடும், அன்றே சுடு என்பார்கள். முட்டை வரிசையிலும் வீட்டுக்கு வீடு வேறுபாடு: முழு முட்டையை இரண்டு முறை தடவிக்கூட அழகான கோடுகள் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காய விடுவது மட்டும்தான் எல்லாருக்கும் பொது. பாலுக்குப் பதில் புளித்த கிரீம் சேர்ப்பது, மாவில் ஒரு ஸ்பூன் ஒயிட் வைன் விடுவது போன்றவை குடும்ப வழக்கங்கள். சேர்த்தாலும் கெடாது, சேர்க்காவிட்டாலும் குறையாது. உங்கள் பாட்டி எதைச் செய்தார் என்பதை நான் ஊகிக்கக் கூடாது. மாமியாரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாவை எங்கே வைப்பார்? சுடுவதற்கு முன் ட்ரே எவ்வளவு நேரம் வெளியே கிடக்கும்? "பாட்டி எப்படிச் செய்வார்" என்று பொதுவாகக் கேட்டால் தாளில் உள்ளதையே திரும்பச் சொல்வார். இடத்தையும் நேரத்தையும் கேட்டால் பார்த்தது நினைவுக்கு வரும்.

இந்த வருடமே மாமியாருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு இந்தப் பாதி அளவில் ஒரு முறை செய்து பாருங்கள். நான்கில் ஒன்று லேசாக விரிசல் விட்டால் கவலைப்படாதீர்கள், நல்ல பேக்கரியிலும் அது நடக்கும். சுட்டதும் வெட்ட ஆசையாக இருக்கும். வெட்டாதீர்கள், சூட்டில் சுருள் நொறுங்கிப் பூரணம் உதிரும். ட்ரேயிலேயே முழுக்க ஆறவிட்டு, துணியிலோ தாளிலோ சுற்றி ஒரு நாள் வைத்தால், பூரணத்தின் ஈரம் மாவுக்கு ஏறி இரண்டும் ஒன்றாகிவிடும். மறுநாள் ரம்பப் பல் கத்தியால் விரல் தடிமனில் வெட்டலாம். குளிர்ந்த இடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் நன்றாக இருக்கும், அதனால் 21, 22 தேதிகளிலேயே சுட்டுவிடலாம். பெரும்பாலான ஹங்கேரிய வீடுகளில் அப்படித்தான். அப்படியும் வெடித்தால் மறுபடி எழுதுங்கள், ஆனால் எங்கே வெடித்தது என்று பார்த்து எழுதுங்கள். நடு உச்சியில் என்றால் ஈஸ்ட்டோ சூடோ மிகுதி. பக்கவாட்டில், அடியை ஒட்டி என்றால் தையல் நகர்ந்திருக்கிறது அல்லது ஆவி வெளியேறக் குத்தவில்லை. இரண்டு முனைகளிலும் என்றால் ஓரத்தை மடித்தது போதவில்லை. வெட்டிய துண்டின் படம் ஒன்று கூட இருந்தால் இன்னும் நிச்சயமாகச் சொல்ல முடியும்.